கேளுங்கள், தெரிந்தால் சொல்கிறேன்: வியன்னா தெரு வீடு

மூன்று இதழ்களுக்கு முன்னால் ஒரு பதிலில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மெக்சிகோ நகரத்தில் மகன் வீட்டில் ஒன்றரை மாதம் இருந்தபோது, டிராட்ஸ்கி வாழ்ந்து கொல்லப்பட்ட வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தபால் ஆபீசில் 34 வருடம் உட்கார்ந்தவள் நான், வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் தூக்கம் வராது. அதனால் இந்த வாரம் முழுக்க அந்த வீடுதான். மாமியார் மருமகள் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சண்டை அதற்குள் தீர்ந்துவிடாது.

திண்டுக்கல் மாணவர்: "டிராட்ஸ்கி யார் அம்மா? எங்கள் புத்தகத்தில் லெனின், ஸ்டாலின் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்."

1917 ரஷ்யப் புரட்சியில் லெனினுக்கு அடுத்து நின்ற பெயர் தம்பி. புரட்சி அரசின் படையான செஞ்சேனையைக் கட்டியவர். 1924இல் லெனின் இறந்த பிறகு ஸ்டாலினோடு நடந்த போட்டியில் தோற்றார். 1927இல் கட்சியிலிருந்து நீக்கினார்கள், 1929இல் நாட்டைவிட்டே அனுப்பினார்கள். துருக்கி, பிரான்சு, நார்வே என்று ஒவ்வொரு நாடாகக் கதவைச் சாத்தியது. கடைசியில் மெக்சிகோவின் அதிபர் கார்தெனாஸ் இடம் கொடுத்தார். 1937 ஜனவரியில் ஓர் எண்ணெய்க் கப்பலில் மனைவி நதாலியாவோடு வந்து இறங்கினார். உங்கள் புத்தகத்தில் அவர் இல்லாததற்கு ஸ்டாலினைக் குற்றம் சொல்ல முடியாது, அது பக்கப் பற்றாக்குறையாகத்தான் இருக்கும். ரஷ்யாவிலோ புகைப்படங்களிலிருந்தே அவரை அழித்தார்கள்.

கரூர் வாசகர்: "மெக்சிகோ போனவர்கள் பிரமிடு பார்ப்பார்கள். நீங்கள் செத்துப்போன ஒரு ரஷ்யாக்காரர் வீட்டைத் தேடிப் போனது ஏன்?"

பிரமிடும் பார்த்தேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், என் முழங்காலுக்கு அதுவே போதும்.

இந்த வீட்டுக்குப் போனதற்குக் காரணம் என் தாத்தா. பெரம்பூர் பின்னி மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தார். எங்கள் வீடு ஓட்டேரியில். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவுக்குப் பொழுது விடியும். அந்த மில்லின் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உண்டானது. 1946இல் அதற்குத் தலைவராக வந்தவர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. யாழ்ப்பாணத்துக்காரர், இலங்கையில் லங்கா சமசமாஜக் கட்சியில் இருந்தவர், யுத்த காலத்தில் இந்தியா வந்து மதுரைப் பக்கம் தொழிலாளர்களிடையே வேலை செய்தவர். அந்தக் கட்சி டிராட்ஸ்கி கட்சி. ஆக, 1947இல் பின்னி மில் மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டிரைக்கில் கிடந்தபோது, தலைமை தாங்கியவர் ஒரு டிராட்ஸ்கியவாதி.

தாத்தாவுக்கு நான்காம் வகுப்புதான் படிப்பு. டிராட்ஸ்கி என்ற பெயர் அவர் வாயில் வராது. "தராசுக்கி" என்பார். "அந்தோணிப்பிள்ளைக்கு வாத்தியார் தராசுக்கிடி. வீட்டுக்கு வந்தவன் மண்டையிலே போட்டுட்டான்" என்று, ஏதோ புளியந்தோப்பில் நடந்த கொலை மாதிரிச் சொல்வார். பின்னி மில் சங்கும் நின்றுவிட்டது, தாத்தாவும் போய்விட்டார். அவ்வளவு தூரம் போய்விட்டு, தராசுக்கி வீட்டை எட்டிப் பார்க்காமல் எப்படி வருவது?

சேலம் வாசகர்: "ஓவியர் ஃப்ரிடா காலோவுக்கும் அவருக்கும் ஏதோ இருந்ததாமே?"

இந்தக் கேள்வி மட்டும் ஏழு கடிதத்தில் வந்திருக்கிறது. இருந்தது. 1937இல், கொஞ்ச நாள். டிராட்ஸ்கி தம்பதி முதலில் தங்கியதே ஃப்ரிடாவின் நீல வீட்டில்தான். அடைக்கலம் வாங்கிக் கொடுத்ததில் அவர் கணவர், ஓவியர் தியேகோ ரிவேராவுக்குப் பெரும் பங்கு. பாவம், நதாலியாவுக்கு ஆங்கிலம் வராது, இவர்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்களாம். அந்த வருடம் நவம்பர் 7, டிராட்ஸ்கியின் பிறந்த நாளுக்கு ஃப்ரிடா தன்னையே வரைந்து பரிசு கொடுத்தார். பிறகு ரிவேராவோடு மனத்தாங்கல் ஆகி, 1939 மே மாதம் நான்கைந்து தெரு தள்ளி வேறு வீட்டுக்குப் போனபோது டிராட்ஸ்கி அந்தப் படத்தை எடுத்துப் போகவில்லை. நதாலியா கட்டிய மூட்டையில் அதற்கு இடம் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

கோவை வாசகி: "உள்ளே என்ன இருக்கிறது? ஒரு வீடுதானே. பார்க்க என்ன இருக்கும்?"

முதலில் வெளியே. அந்தப் பேட்டையில் தெருக்களுக்கெல்லாம் ஐரோப்பிய ஊர்ப் பெயர்கள்: லண்டன் தெரு, பெர்லின் தெரு. ஃப்ரிடாவின் வீடு லண்டன் தெருவில். இவர் வீடு வியன்னா தெருவில். 1907 முதல் 1914 வரை நிஜமான வியன்னாவில் குடியிருந்தவர்தான் இவர். ஐரோப்பா முழுக்கத் துரத்திவிட்டது, மெக்சிகோவில் ஒரு வியன்னா கிடைத்தது.

இப்போது உள்ளே போகிற வாசல் பின்பக்கம், பெரிய சாலையில் இருக்கிறது. அவர் காலத்தில் அங்கே சுருபுஸ்கோ ஆறு ஓடியது. ஆற்றைக் குழாய்க்குள் தள்ளி மேலே சாலை போட்டுவிட்டார்கள். ஓட்டேரி நல்லா என்ற கால்வாயின் ஓரத்தில் வளர்ந்த எனக்கு அதில் பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை.

முன்னால் படங்கள், அதைத் தாண்டினால் தோட்டம். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள்தான் எனக்கு ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர், பன்னிரண்டு வயது. தோட்டத்தில் கள்ளிச் செடிகள். ஊர் சுற்றப் போகும் இடத்தில் கள்ளியைப் பெயர்த்து எடுத்துச் சுமந்து வருவது டிராட்ஸ்கிக்குப் பைத்தியம். ஒரு பக்கம் கோழிக் கூண்டும் முயல் கூண்டும். கையுறை மாட்டிக்கொண்டு தினமும் தானே தீனி வைப்பாராம். லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ரேஷன் போட்டவர் முயலுக்குப் புல் அளந்து வைத்தார் என்றால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மரச் சட்டத்தையும் கம்பி வலையையும் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காவல் இல்லாமல் வெளியே காலாற நடக்க முடியாதவர் அவர். அவருக்கு இருந்த ஒரே ஊர் அந்த முற்றம்.

நடுவில் ஒரு கல் தூண், அரிவாள் சுத்தியல் செதுக்கியது. ஓவியரும் கட்டடக் கலைஞருமான ஹுவான் ஓ கோர்மான் வடிவமைத்தது. டிராட்ஸ்கியின் அஸ்தியும், 1962இல் இறந்த நதாலியாவின் அஸ்தியும் அங்கேதான். வாசல் பக்கம் ராபர்ட் ஷெல்டன் ஹார்ட் என்ற அமெரிக்க இளைஞருக்கு ஒரு நினைவுக் கல்வெட்டு. அவர் கதைக்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

அறைகள் வரிசையாக, ஒன்றுக்குள் ஒன்றாக, ரயில் பெட்டி மாதிரி. சாப்பாட்டு அறையில் சாதாரண மர மேசை. படிப்பறை மேசையில் மூக்குக் கண்ணாடி, புத்தகங்கள், காகிதங்கள். பேசினால் மெழுகு உருளையில் பதிவாகும் பழைய யந்திரம் ஒன்று. கடைசியில் ஸ்டாலினின் வாழ்க்கை வரலாற்றைத்தான் எழுதிக்கொண்டிருந்தார், அது முடியவில்லை.

எனக்குப் பிடித்தது எதுவென்றால், நம்ப மாட்டீர்கள், தோட்டத்துப் பக்கத்து ஜன்னல். 1940 பிப்ரவரி 27 அன்று உயில் மாதிரி ஒன்று எழுதினார். இரத்த அழுத்தம் அதிகம், சாவு தூரமில்லை என்று தெரியும். நடுவில் நிறுத்தி, நதாலியா முற்றத்திலிருந்து வந்து ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டாள், சுவருக்குக் கீழே புல் பச்சையாகத் தெரிகிறது, மேலே வானம் தெரிகிறது, எங்கும் வெயில், வாழ்க்கை அழகானது என்று எழுதினார். உயிலில் வழக்கமாகப் பாத்திரம் பண்டம்தான் வரும், ஜன்னல் வந்து நான் படித்ததில்லை. பேத்தி "பாட்டி, போகலாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

படுக்கையறைக்கு வந்ததும் அவளே நின்றுவிட்டாள். சுவரெல்லாம் துப்பாக்கிக் குண்டுத் துளைகள். பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு துளைக்குள் விரல் வைக்கப் போனாள், தடுத்துவிட்டேன். அருங்காட்சியகத்தில் எதையும் தொடக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் எனக்குத்தான் பயமாக இருந்தது.

விருதுநகர் வாசகர்: "அந்தக் குண்டுகளைச் சுட்டது ஓர் ஓவியர் என்று படித்தேன். நம்பலாமா?"

நம்பலாம். தாவீத் அல்ஃபாரோ சிக்கேரோஸ், மெக்சிகோவின் பெரிய சுவரோவியர்களில் ஒருவர், தீவிர ஸ்டாலின் பக்தர். 1940 மே 24 விடியற்காலை, போலீஸ், ராணுவ உடுப்புப் போட்டுக்கொண்டு இருபது பேரளவில் ஆட்களோடு வந்தார். கதவைத் திறந்தது காவலில் இருந்த ஹார்ட். ஏமாந்து திறந்தாரா, தெரிந்தே திறந்தாரா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. அவரைக் கடத்திப் போய்க் கொன்று சுண்ணாம்புக் குழியில் புதைத்தார்கள். அவர் குற்றமற்றவர் என்று நம்பித்தான் டிராட்ஸ்கி அந்தக் கல்வெட்டை வைத்தார்.

தூக்க மாத்திரை போட்டிருந்த டிராட்ஸ்கி, ஊரில் ஏதோ திருவிழா வாணவேடிக்கை என்று முதலில் நினைத்தாராம். நதாலியா அவரைக் கட்டிலிலிருந்து தள்ளிச் சுவர் மூலையில் மறைத்துத் தானும் விழுந்தார். நூற்றுக்கணக்கில் சுட்டும் இருவர் மேலும் ஒன்றும் படவில்லை. பக்கத்து அறையில் படுத்திருந்த பேரன் சேவாவின் கால் விரலில் மட்டும் ஒன்று உரசியது. அவனுக்கு வயது பதினாலு.

அடுத்த வாரம் பல்கலைக்கழக வளாகத்தில் அதே சிக்கேரோஸ் வரைந்த சுவரோவியத்தைப் பார்த்தேன். நல்ல ஓவியம். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

மயிலாடுதுறை வாசகி: "இவ்வளவு பாதுகாப்பையும் மீறிக் கொலைகாரன் எப்படி உள்ளே போனான்? குண்டுக்குத் தப்பியவர் கத்திக்கு எப்படி இரையானார்?"

கத்தி இல்லை, பனிமலை ஏறுகிறவர்கள் வைத்திருக்கும் கோடரி. மீறிப் போகவும் இல்லை, வாசல் வழியாகத்தான் போனான். என் தாத்தா சொன்ன "வீட்டுக்கு வந்தவன்" என்ற வார்த்தைதான் சரி.

மே தாக்குதலுக்குப் பிறகு வீட்டைக் கோட்டையாக்கினார்கள். சுவரை உயர்த்தி, மூலையில் காவல் கோபுரம் கட்டி, ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, அறைக்கு அறை இரும்புக் கதவு போட்டார்கள். ராத்திரி முழுதாகக் கழிந்து விடியும்போது, இன்னும் ஒரு நாள் கிடைத்தது என்கிற மாதிரி டிராட்ஸ்கி ஏதாவது சொல்லிச் சிரிப்பாராம். அவருடைய நான்கு பிள்ளைகளும் அதற்குள் போய்விட்டார்கள். ஒரு மகள் காசநோயில், ஒரு மகள் தற்கொலை செய்துகொண்டு, ஒரு மகன் பாரிஸ் ஆஸ்பத்திரியில், இன்னொரு மகன் ரஷ்யாவில் சுட்டுக் கொல்லப்பட்டு.

இந்தக் கோட்டைக்குள் வந்தவன் ரமோன் மெர்கதேர், ஸ்பெயின்காரன், சோவியத் உளவாளி. சில்வியா ஏகிலாஃப் என்ற நியூயார்க் பெண்ணை 1938இல் பாரிஸில் பழகி வைத்துக்கொண்டான். அவள் டிராட்ஸ்கிக்கு வேண்டியவள். அவளுடைய காதலனாக, ஜாக்சன் என்ற பெயரில், பணக்காரப் பெல்ஜியக்காரனாக நடித்தான். அவசரப்படவே இல்லை. கார் வைத்திருந்தான், வீட்டு விருந்தாளிகளைக் கப்பலேற்ற அழைத்துப் போய் உதவினான். மே தாக்குதல் நடந்து நான்கு நாள் கழித்துத்தான் முதன்முதலாக டிராட்ஸ்கியைச் சந்தித்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆகஸ்ட் 17 ஒரு கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி வந்தான். தொப்பியைக் கழற்றாமல் மேசை மேலேயே உட்கார்ந்தான். டிராட்ஸ்கிக்கு அது பிடிக்கவில்லை, நதாலியாவிடம் சொல்லவும் சொன்னார். அப்புறம் 20ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணி தாண்டி மறுபடியும் வந்தான். டிராட்ஸ்கி முயலுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில் நாளில் கையில் மழைக்கோட்டு எதற்கு என்று நதாலியா கேட்டார். மழை வரலாம் என்றான். தாகமாக இருக்கிறது, தண்ணீர் வேண்டும் என்றான். டீ தரட்டுமா என்று கேட்டாள் அந்த அம்மாள், வேண்டாம் என்றுவிட்டான். முயல் கூண்டைச் சாத்திவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, டிராட்ஸ்கி அவனோடு படிப்பறைக்குப் போனார். கட்டுரையைக் குனிந்து படிக்கும்போது பின்னாலிருந்து அடித்தான். கோடரி மழைக்கோட்டுக்குள் இருந்தது.

உடனே சாகவில்லை. போராடினார், அவன் கையைக் கடித்தார். ஓடிவந்த காவலர்கள் அவனை நொறுக்கியபோது, கொன்றுவிடாதீர்கள், அவன் பேச வேண்டும் என்றார். மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வயது 60. மெர்கதேர் இருபது வருடம் மெக்சிகோ சிறையில் இருந்தான், 1960இல் விடுதலை, பிறகு மாஸ்கோவில் வீரப் பதக்கம்.

அந்த வழியில் நடந்து பார்த்தேன். முயல் கூண்டிலிருந்து படிப்பறை வாசலுக்கு என் நடைக்கே அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நாகர்கோவில் வாசகர்: "அந்தக் கோடரி அங்கே இருக்கிறதா?"

இல்லை. வாஷிங்டனில் உளவாளிகளுக்கென்று இருக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டுக்கு அது தேவையும் இல்லை.

தஞ்சாவூர் வாசகர்: "அவரை மகான் ஆக்குகிறீர்களே! 1921இல் குரோன்ஸ்டாட் மாலுமிகளைச் சுட்டுத்தள்ளிய ஆட்சியில் போர் அமைச்சர் யார்?"

இவர்தான். நீங்கள் சொல்வது சரி. ரொட்டியும் சுதந்திரமான சோவியத் தேர்தலும் கேட்ட மாலுமிகள், 1917இல் இவரே புரட்சியின் பெருமை என்று புகழ்ந்த அதே கடற்படைத் தளத்துக்காரர்கள். பனிக்கட்டியாக உறைந்த கடல் மேல் படையை அனுப்பி அடக்கினார்கள். 1938இல், இதே மெக்சிகோவில் இருந்துகொண்டு, அது அவசியமாக இருந்தது என்றே எழுதினார். வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்த வீட்டில் கண்காட்சிப் பலகைகளில் பேத்தி எனக்குப் படித்துச் சொன்னவற்றில் குரோன்ஸ்டாட் வரவில்லை. அவரை நேசித்தவர்கள் வைத்திருக்கும் வீடு, அப்படித்தான் இருக்கும். இருந்தாலும், முயலுக்குத் தீனி வைத்த கிழவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. மாலுமிகளின் அம்மாக்கள் யாராவது என் பக்கத்தில் நின்றிருந்தால் வந்திருக்குமா, தெரியவில்லை.

திருப்பூர் வாசகர்: "பனியன் ஏற்றுமதி விஷயமாக மெக்சிகோ போகிறேன். எப்படிப் போவது, எவ்வளவு நேரம் ஆகும், சைவம் கிடைக்குமா?"

இடத்தின் பெயர் கொயோவாகான். திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். ஒரு மணி நேரம் போதும், என்னைப் போல ஜன்னலோரம் நிற்கிறவர்களுக்கு இரண்டு. டாக்சிக்காரரிடம் முகவரியைக் காட்டுங்கள், வாயால் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், நீல வீட்டில் இறக்கிவிட்டார், அங்கே தெருமுனை வரை வரிசை. அதற்கு முன்கூட்டியே இணையத்தில் சீட்டு எடுக்க வேண்டும். இங்கே வரிசையே இல்லை. ஊர் 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, முதல் இரண்டு நாள் மெதுவாக நடங்கள்.

சாப்பாடு: தமால் என்று ஒன்று, சோள மாவைச் சோளத் தோகையில் மடித்து ஆவியில் வேகவைப்பது. கிட்டத்தட்ட இலைக் கொழுக்கட்டை. பூரணம் பெரும்பாலும் கறிதான், மாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். புளித் தண்ணீர் எல்லா இடத்திலும் கிடைக்கும், வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை போட்ட பானகம் என்று நினைத்துக் குடியுங்கள்.

அருப்புக்கோட்டை வாசகி: "காலில் குண்டு பட்ட அந்தப் பையன் என்ன ஆனான் அக்கா?"

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. ஆகஸ்ட் 20 அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் வாசலில் கூட்டத்தைப் பார்த்தான். பையனை உள்ளே விடாதீர்கள், அவன் இதைப் பார்க்கக் கூடாது என்று அடிபட்டுக் கிடந்த தாத்தா சொன்னார். எஸ்தேபான் வோல்கோவ் என்ற பெயரில் அவன் மெக்சிகோவிலேயே வளர்ந்து வேதியியல் படித்தான். அதே வீட்டில் குடியிருந்து நான்கு பெண்களை வளர்த்தார். அதில் ஒருவர் நோரா வோல்கோவ், போதைப் பழக்கம் மூளையை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து பேர் வாங்கிய அமெரிக்க மருத்துவர். 1990 ஆகஸ்ட் 20, கொலை நடந்து சரியாக ஐம்பது வருடம் ஆன நாளில், வீடு அருங்காட்சியகமாகத் திறந்தது. பேரன் 2023இல், 97 வயதில் இறந்தார். அந்தக் குண்டுச் சுவர் பக்கத்தில் நான்கு பெண் குழந்தைகள் வீட்டுப்பாடம் எழுதியிருக்கின்றன என்று சொன்னபோதுதான் என் பேத்திக்கு அது வீடு என்று தோன்றியது. "அவங்க ராத்திரி பயந்தாங்களா?" என்று கேட்டாள்.

ஓட்டேரி வாசகி: "எங்கள் அப்பாவும் பின்னி மில். நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சங்கச் சந்தா ரசீதுகள், அந்தோணிப்பிள்ளை பேசிய கூட்டத்து நோட்டீஸ் ஒன்று, எல்லாம் மஞ்சளாகிக் கிடக்கின்றன. மருமகன் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்கிறார். என்ன செய்ய?"

முதலில் மருமகனைப் பெட்டி பக்கம் விடாதீர்கள். ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். கிழிந்ததைச் செல்லோ டேப்பால் ஒட்டவும் வேண்டாம். நாப்தலின் உருண்டையும் வேண்டாம். வெள்ளைத் தாளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக வைத்து, ஈரம் படாத அலமாரியில் தட்டையாகப் படுக்க வையுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, பழைய தமிழ் அச்சுத் தாள்களை அவர்களுக்குப் பாதுகாக்கத் தெரியும். போய்க் கேளுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். எந்தத் தெரு என்று நீங்கள் எழுதவில்லை. நான் இப்போது பெரம்பூரில்தான் இருக்கிறேன், பஸ்ஸில் பத்து நிமிடம். நோட்டீஸில் தேதி இருந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.